சிபிஆர் 250ஆர்: முன் ஃபோர்க் பைப் கிடைக்கவில்லை

வண்டி 2012 மாடல் ஹோண்டா சிபிஆர் 250ஆர். போன மாதம் தடுப்பில் மோதியதில் முன் ஃபோர்க் பைப் (முன் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்) இரண்டும் பின்னோக்கி வளைந்துவிட்டன. ஹேண்டில் இடப்பக்கம் இழுக்கிறது, வலது ஆயில் சீலில் (ஃபோர்க் ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒழுக்கு. ஃபோர்க்கை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் டி-ஸ்டெம்மில் விரிசல் தெரியவில்லை.

பைப்பைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தாயிற்று, நன்றாகவே ஆடுகிறது. பிரஸ்ஸில் நிமிர்த்தலாம் என்கிறார் மெக்கானிக். ஆனால் வளைந்த இடத்தில் குரோம் உரிந்திருக்கிறது. நிமிர்த்தினாலும் அந்தச் சொரசொரப்பு புது சீலையும் கிழித்துவிடும், அதனால் வேண்டாம் என்றுவிட்டேன். ஸ்பேர் கடைகளில் சரக்கு இல்லை. பழைய வண்டி பிரிக்கும் இடங்களில் பார்த்தவையும் வளைந்தவைதான் (முன்னால் இடித்த வண்டிதானே அங்கே வரும்!).

சிபிஆர் 300ஆர் ஃபோர்க்கும் இதே 37 மி.மீ. விட்டம். அப்புறம் நீளம், உள்ளே உள்ள டேம்பர் (குலுக்கலை அடக்கும் பாகம்) எல்லாம் பொருந்துமா என்பதுதான் சந்தேகம். அந்தப் பைப்பை 250ஆர் அவுட்டரில் (பைப் நுழையும் கீழ் வெளிக்குழாய்) போட்டு ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?