வாய் ஒன்று சொன்னது, கை வேறு செய்தது

எங்கள் நூலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கோஹா என்ற நூலக மென்பொருளில் நூற்பட்டியலாக்கம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே மூன்று பேருக்குச் சொன்ன பாடம், அலுத்துவிட்டது. திரையில் நடப்பதைப் பதிவுசெய்யும் ஓபிஎஸ் ஸ்டுடியோ மென்பொருளை நிறுவி, ஒரு தமிழ் நாவலுக்கு முழுப் பதிவும் போடுவதைத் திரைப்பதிவு செய்தேன்.

போட்டுப் பார்த்தால் முக்கியமான இடமே காணோம். நூற்பதிவின் ஒவ்வொரு விவரத்துக்கும் எண்ணிட்ட ஒரு புலம் உண்டு. மொழி போன்றவற்றைக் குறியீடாக வைக்கும் 008 புலத்தைத் தொட்டால் கோஹா தனியாக ஒரு சிறு சாளரத்தைத் திறக்கும். நானோ உலாவிச் சாளரத்தை மட்டும் பதிவுசெய்யும்படி வைத்திருந்தேன். திரை அசையாமல் நிற்கிறது. "இங்கே இதைத் தேர்ந்தெடுங்கள்" என்று என் குரல் மட்டும் கேட்கிறது.

முழுத்திரைக்கு மாற்றி மறுபடி எடுத்தேன். அப்போதுதான் என் வண்டவாளம் வெளிவந்தது. 008-இல் மொத்தம் 40 எழுத்திடங்கள். 35 முதல் 37 வரை மொழிக் குறியீடு. வாயால் "மொழியைத் தமிழ் என்று மாற்றுங்கள்" என்கிறேன். கை நேராகச் சேமிக்கும் பொத்தானுக்குப் போகிறது. குறியீடு ஆங்கிலமாகவே இருக்கிறது! எத்தனை ஆண்டாக இப்படிச் செய்கிறேனோ. தேடலில் தமிழ் என்று மொழியைக் குறுக்கியதும், நான் பதிந்த நூல்களில் பல வரவே இல்லை. வாசகர்கள் அவ்வப்போது "அந்தப் புத்தகம் இல்லையாமே" என்று கேட்டது நினைவுக்கு வந்தது.

கோஹாவின் அமைப்பு விருப்பங்களில் 008-க்கான இயல்பு மொழியை நாமே வைக்கலாம். காலியாக விட்டால் ஆங்கிலம்தான் வரும். எங்களுடையது காலியாக இருந்தது.

*

நான் வேறொரு நூலகத்தில் இதைக் கற்றுக்கொண்டவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். காணொளி எனக்கு ஒத்துவரவில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. எனக்குப் புரியவைத்தது ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்.

தலைப்புக்கான 245 புலத்தின் தொடக்கத்தில் சுட்டி எனப்படும் இரண்டு குறியிடங்கள் உண்டு. அதில் இரண்டாவதில், ஆங்கிலத் தலைப்பு 'தி' என்று தொடங்கினால் 4 போட வேண்டும். அகரவரிசையில் அந்தச் சொல்லை விட்டுவிட்டு அடுத்த சொல்லிலிருந்து அடுக்குவதற்காக. காரணம் புரிந்தது, கணக்கு புரியவில்லை. ஆங்கிலத்தில் அது மூன்றெழுத்துத்தானே? எங்கள் மேலாளர் அந்த வரியைப் பெரிதாக்கிப் படம்பிடித்து, ஒவ்வோர் எழுத்தின் தலையிலும் எண் எழுதி, நான்காவதாக இருந்த வெற்றிடத்தைச் சிவப்பில் கட்டம் கட்டி அனுப்பினார். அதன்பின் 'ஆன்' என்றால் 3, 'ஏ' என்றால் 2 என்பதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

*

நான் இன்னொரு நூலகத்துக்காரர். முழுத்திரைப் பதிவு என்றதும் ஓர் எச்சரிக்கை. நான் அப்படி எடுத்த காணொளியில், பக்கத்துத் தாவலில் நூல் இரவல் பக்கம் திறந்திருந்தது. தாவல் மாறிய ஒரு கணத்தில் ஒரு வாசகரின் பெயரும் அவர் எடுத்திருந்த நூல்களும் பதிவாகிவிட்டன. யார் என்ன படிக்கிறார் என்பது நூலகத்தை விட்டு வெளியே போகக்கூடாத செய்தி. பதறிப்போய் மங்கலாக்கினேன், உற்றுப் பார்த்தால் அப்போதும் படிக்க முடிந்தது. கடைசியில் அந்தப் பகுதியையே வெட்டி எறிந்தேன். இப்போது பயிற்சிக்கென்று போலி வாசகர்களோடு தனித் தரவுத்தளம் வைத்திருக்கிறோம். திரைப்பதிவு அதில் மட்டுமே.

*

முதலில் எழுதியவன்தான். தரவுத்தள யோசனைக்கு நன்றி, நாங்களும் அமைக்கிறோம்.

அந்தத் தவறான காணொளியை நான் அழிக்கவில்லை. திருத்தியதை விட்டுவிட்டு, புதியவருக்கு அதைத்தான் முதலில் போட்டுக்காட்டினேன். "இதில் ஒரு பிழை இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்றேன். மொழிக் குறியீட்டைச் சட்டென்று பிடித்துவிட்டார். பிறகு காணொளியைப் பின்னால் ஓட்டி, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், ஆர்டிஏ என்ற புதிய பட்டியலாக்க விதிமுறையில் வெளியீட்டு விவரத்தை 264-இல்தானே போடவேண்டும்? நீங்கள் 260-இல் போட்டிருக்கிறீர்களே?"