நியூமுக்குத் தமிழில் என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

இசை மாணவர்களுக்கான பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'நியூம்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள சாங்க்ட் காலன் மடத்தின் 10ஆம் நூற்றாண்டு ஏடுகளில், லத்தீன் வரிகளுக்கு மேலே கோடும் கொக்கியுமாக இருக்குமே, அவைதான். மெட்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும். எவ்வளவு என்று சொல்லாது. பாட்டு ஏற்கெனவே மனப்பாடமான துறவிகளுக்கு அது போதும். சுரத்தானம் காட்டாத ஒன்றைச் 'சுரக்குறி' என்று எழுத மனம் வரவில்லை.

*

'அசைக்குறி' என்று வையுங்கள். கிரேக்கத்தில் 'நெவுமா' என்றால் தலையசைப்பு, சைகை. மூச்சு என்று பொருள்படும் 'நியூமா'விலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எனக்கு முதலாவதே பிடிக்கிறது. ஏனென்றால் தமிழில் தலை அசைவதும் அசை, யாப்பில் வருவதும் அசை. நியூம் உட்காருவதும் பாட்டின் அசைக்கு மேலேதான்! ஓர் அசையே பல சுரங்களுக்கு நீளும்போது 'அளபிறந் துயிர்த்தலும் ஒற்றிசை நீடலும்' (இசையில் எழுத்து தன் அளவைக் கடந்து ஒலிக்கும், ஒற்றும் நீளும்) என்ற தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது.

*

ஐயா, நான் யாப்பு நடத்துகிறவள். அசைக்குறி என்றால் என் மாணவர்கள் நேருக்கும் நிரைக்கும் போடும் கோடுகளைத்தான் நினைப்பார்கள். லத்தீன் இலக்கணத்தின் ஒலியழுத்தக் குறிகளிலிருந்து நியூம் பிறந்தது என்று ஒரு கருத்து உண்டு. நன்னூலில் ஒலியை உயர்த்துவது, தாழ்த்துவது, இடைநிலையில் ஒலிப்பது என 'எடுத்தல் படுத்தல் நலிதல்' இருக்கிறதே! உயர்ந்த சுரத்துக்கு இடும் விர்காவை எடுத்தற்குறி, தாழ்ந்ததற்கு இடும் டிராக்டுலஸைப் படுத்தற்குறி எனலாம். பொதுப்பெயர் 'ஏற்றிறக்கக்குறி'.

*

அம்மா, ஏற்றிறக்கக்குறி வாயில் நுழையவில்லை. நியூம் என்றே விட்டால் என்ன? தேடிப் படிக்கும் மாணவருக்கு அதுதான் உதவும். குடுமியான்மலையில் 7ஆம் நூற்றாண்டிலேயே சுர எழுத்துகளைக் கல்லில் வெட்டினார்கள். அது சுரத்தின் பெயரை எழுதும் மரபு. நியூம் மெட்டின் வடிவத்தை வரைவது. வேறு மரபுக்கு அதன் பெயரே இருக்கட்டும்.

*

நன்றி. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் அசைக்குறிப் பக்கமே ஆள் அதிகம். முதல் முறை 'நியூம் என்னும் அசைக்குறி', அப்புறம் வெறும் அசைக்குறி என்று எழுதிவிடுகிறேன். இனியும் தள்ளிப்போட நேரமில்லை.

*

சரி, அனுப்புங்கள். என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும். 11ஆம் நூற்றாண்டில் அரெத்சோவின் கைடோ என்ற இத்தாலியத் துறவி 'ஃபா'வுக்குச் சிவப்புக் கோடும் 'தோ'வுக்கு மஞ்சள் கோடும் இட்டார். அந்தக் கோடுகளின்மேல் ஏறியதும் இதே நியூம்கள் சுரத்தானத்தைத் துல்லியமாகக் காட்டின. சுரக்குறி வேண்டாம் என்று நீங்கள் சொன்ன காரணம் அங்கே விழுந்துவிடுகிறது. உங்கள் பாடத்தில் கைடோ வருகிறாரா? வந்தால் அந்தப் பக்கத்தில் என்ன எழுதுவீர்கள்?