பேழைக்குள் எத்தனை ஜோடி?

கேள்வி:
எங்கள் வீட்டு இரவு ஜெபத்தில் வேதம் வாசிப்பது நான்தான். போன வாரம் நோவா, வெள்ளத்திலிருந்து உயிர்களைக் காக்கப் பேழை என்ற பெரிய கப்பலைக் கட்டியவரின் கதை. ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தில் எல்லா உயிரிலும் ஒவ்வொரு ஜோடி. மறுநாள் 7-ஆம் அதிகாரத்துக்கு வந்தால், சுத்தமான மிருகங்களில் ஏழேழு ஜோடி. வாசிக்கும்போதே நாக்குத் தடுக்கிவிட்டது. அப்பா கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

கடவுள் மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை. பூமி முழுவதையும் வெள்ளம் மூடியது என்பதைத்தான் நம்ப முடியவில்லை. முன்பு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி, அம்மா இரண்டு நாள் அழுதார். பேசாமல் இருந்தால் ஆமென் சொல்லக் கூசுகிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில் 1:
எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளாவிட்டால் விசுவாசமே போய்விட்டது என்று அர்த்தமில்லை. படைப்பின் ஆறு நாட்களை நாம் எண்ணும் சாதாரண நாட்களாகக் கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் 5-ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. சூரியன் வருவதே நாலாம் நாளில்தானே! உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று அயர்லாந்துப் பேராயர் அஷர் வேதத்தை வைத்துப் போட்ட கணக்கு அச்சேறியதே வெகு காலம் கழித்து, 1650-இல். ஆனால் ஒன்று, உலகத்துக்கு ஆறாயிரம் வருடம்கூட ஆகவில்லை என்றுதான் அகஸ்டினும் நினைத்தார். அவரைக் காட்டி அப்பாவை மடக்கப் போகாதீர்கள், திருப்பி அடிப்பார்.

பதில் 2:
மடக்குவது பற்றி என்னிடம் கேளுங்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் நான்றுகொண்டு, அதாவது தூக்குப் போட்டுக்கொண்டு, செத்தான் என்கிறது மத்தேயு 27. தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தான் என்கிறது அப்போஸ்தலர் 1. இதை வைத்துப் பெரியம்மாவிடம் வாதாடினேன். "கயிறு அறுந்திருக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்புறம் ஒன்றரை வருடம் அவரிடமிருந்து போனே இல்லை. இப்போது அவராகக் கேட்டால் மட்டும் வாயைத் திறக்கிறேன். கேட்பதே இல்லை என்பது வேறு விஷயம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஆமென் என்றால் 'அப்படியே ஆகட்டும்' என்பதுதானே, 'அப்படியே நடந்தது' இல்லையே! நேற்று அம்மா, உடம்பு முடியாத ஒருவருக்காக ஜெபித்தார். கூச்சமில்லாமல் சத்தமாகவே சொன்னேன். இன்று 11-ஆம் அதிகாரம், பாபேல் கோபுரம், ஒரே மொழி பல மொழிகளான கதை. அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.