எரிந்த காட்டில் இந்த மாரிக்கே கன்று நடலாமா?

நிலாவெளியான்: எங்கள் குளத்துக்கு மேலே இருக்கிற காடு கச்சான் காற்றோடு எரிந்து போச்சு. மாரிக்கு முன் தேக்கங்கன்று நடலாம் என்று கழகத்தில் பேசியிருக்கிறோம். கருகின மரங்களை விற்றால் செலவுக்குக் காசும் வரும். சும்மா விட்டால் இலுக்குப் புல்தான் மண்டும்.

குளக்கட்டு: தேக்கா? கோடையில் இலையைக் கொட்டி அடுத்த நெருப்புக்குச் சருகு சேர்த்துக் கொடுக்கும். தம்பி, முதலில் ஒரு கத்தியோடு போய்ப் பாலை, முதிரை மரங்களின் அடியைச் சுரண்டிப் பாருங்கள். பட்டைக்கு உள்ளே பச்சை தெரிந்தால் மரம் சாகவில்லை, மழைக்கு அடியிலிருந்து துளிர்க்கும். கறுப்புச் சாம்பல் கிடக்கிற இடத்துக்குப் பயமில்லை. வெள்ளைச் சாம்பலும், கீழே செங்கல் நிறத்தில் மண்ணும் என்றால் வேரும் விதையும் வெந்து போயிருக்கும். நடுவதென்றால் அங்கே மட்டும் நடுங்கள். எரிந்த மண் சில இடங்களில் தண்ணீரைக் குடிக்காது, ஊற்றினால் உருண்டு ஓடும். முதல் மழைக்கு அந்த மண்தான் குளத்துக்குள் வரும். கருகின மரங்களைச் சரிவுக்குக் குறுக்கே கிடத்தி, இடையில் வைக்கோல் பரப்புவதுதான் இப்போதைய வேலை.

கலிபோர்னியாவில் 2017 டிசம்பரில் 'தோமஸ்' என்று பெயர் வைத்த காட்டுத்தீ. அது எரித்த மலையில் 2018 ஜனவரி 9 பெய்த மழைக்குச் சேறும் பாறையும் மொன்டசீட்டோ ஊருக்குள் இறங்கி 23 பேர் செத்தார்கள்.

நிலாவெளியான்: அது செங்குத்து மலை அண்ணை.

குளக்கட்டு: இங்கே ஆள் சாகாது, சரி. குளம் தூர்ந்தால் வயலுக்குத் தண்ணீர்?

மூதூர்ப் பொடியன்: மரம் விற்கிற கதையை விடுங்கள். அமெரிக்காவின் ஒரேகனில் 2002இல் 'பிஸ்கட்' என்று பெயர் வைத்த தீ எரித்த காட்டில் கருகின மரங்களை வெட்டி இழுத்த இடங்களில், தானாக முளைத்த கன்றுகள் 71 வீதம் குறைந்து போயின. 2006இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு. அங்கேயே யெலோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1988இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிந்தது. யாரும் நடவில்லை, காடு வந்தது.

நிலாவெளியான்: அங்குள்ள பைன் காய் நெருப்புச் சூட்டில் வெடித்து விதை போடும். பாலைப்பழம் அப்படியா? யெலோஸ்டோனுக்குள் மண்வெட்டியோடு காட்டை அழித்துச் சேனைப் பயிர் செய்யவும் யாரும் வருவதில்லை. இங்கே வெறும் நிலமாகக் கிடந்தால் அடுத்த வருசம் வேலி நிற்கும். கன்று நின்றால் கை வைக்க யோசிப்பான். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

குளக்கட்டு: நியாயம்தான். ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை நடுங்கள், தேக்கு வேண்டாம், வேம்பு. வனத் திணைக்களத்தைக் கேட்காமல் ஒரு கொப்பையும் தொடாதீர்கள். இரண்டு மாரிக்கு ஆடு மாடும் உள்ளே போகக்கூடாது.

பட்டிக்காரன்: வந்தது பார் எங்கள் தலைக்கு! புல்லுக்காக நெருப்பு வைப்பது நாங்கள் என்பீர்கள், வேட்டைக்காரனை ஒருவரும் கேட்கமாட்டீர்கள். இரண்டு மாரிக்கு மாட்டை எங்கே கட்டுவது? சிறுபோக வைக்கோலை மண்ணில் கொட்டப் போகிறீர்களாம். அதை எங்கள் பட்டிக்குத் தாருங்கள், மாடு காட்டுப் பக்கம் வராது.

மூதூர்ப் பொடியன்: ஐயா சொல்வது சரி. வயலிலேயே கொளுத்துகிற வைக்கோல் இரண்டுக்கும் காணும். ஏற்றி வர உழவு இயந்திரம் யாரிடம் இருக்கிறது?