பெருந்தமனி வீக்கம் உள்ளவர்கள் எடைப் பயிற்சி செய்யலாமா?

கேள்வி – குன்னூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. சென்ற மாதம் வேறொரு காரணத்துக்காகக் கோவையில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தபோது, இதயத்திலிருந்து மேலே செல்லும் பெருந்தமனி 4.3 செ.மீ. அளவுக்கு விரிந்திருப்பது தெரியவந்தது, சி.டி. ஸ்கேனும் அதை உறுதிசெய்தது. வால்வில் குறையில்லை என்றார்கள். பதினைந்து ஆண்டுகளாக ஜிம்முக்குப் போகிறவன் நான். தரையில் கிடக்கும் எடையைக் குனிந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில் 110 கிலோ வரை தூக்கியிருக்கிறேன். மருத்துவர் இரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுத்து, "இனிமேல் கனம் தூக்க வேண்டாம், நடங்கள்" என்றார். எத்தனை கிலோவைக் கனம் என்கிறார் என்று கேட்பதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். எங்கள் வீடு சாலையிலிருந்து 64 படி மேலே இருக்கிறது. கேஸ் சிலிண்டரை இதுவரை நானேதான் தோளில் வைத்து ஏற்றிவந்தேன். இப்போது தண்ணீர்க் குடத்தைத் தொடவே பயமாக இருக்கிறது. இதே நிலையில் இருப்பவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 – உதகை நண்பர்

ஐயா, எனக்கு 4.4 செ.மீ.; ஆறு ஆண்டுகளாக இதனோடு வாழ்கிறேன். உங்கள் பயம் எனக்கும் இருந்தது, குடத்தைப் பார்த்தே தயங்கிய நாட்கள் உண்டு.

கிலோவைக் கேட்பதற்கு முன் மூச்சைக் கவனியுங்கள். நாம் "தம் கட்டித் தூக்குவது" என்கிறோமே, அதுதான் பெரிய ஆபத்து. மூச்சை அடைத்து முக்கும்போது இரத்த அழுத்தம் சில நொடிகளில் எகிறிவிடும். 1985-இல் கனடாவில் ஐந்து உடற்பயிற்சி வீரர்களின் கைத் தமனிக்குள்ளேயே குழாய் செலுத்தி அளந்து பார்த்தார்கள். இரண்டு கால்களாலும் மிகக் கனமான எடையைத் தள்ளியபோது அவர்களுடைய சராசரி அழுத்தம் 320/250 வரை ஏறியது. நல்ல தமனி அதைத் தாங்கிக்கொள்ளும். விரிந்த தமனியின் நிலை வேறு: குழாய் அகலமாக அகலமாக, அதே அழுத்தத்துக்கே சுவர் கூடுதலாக இழுபடும், அந்த இழுப்பில் உட்சுவர் கிழியக்கூடும்.

அதனால் டெட்லிஃப்ட், கனமான ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் மூன்றையும் நான் அடியோடு விட்டுவிட்டேன். அசையாமல் நீண்ட நேரம் தாங்கி நிற்கும் பிளாங்க், சுவரில் சாய்ந்து அமரும் பயிற்சி ஆகியவையும் வேண்டாம். இப்போது 5 கிலோ டம்பெல்லை ஒரு சுற்றுக்குப் பதினைந்து முறை தூக்குகிறேன். இன்னும் ஐந்து முறை தூக்க முடியும் என்று தோன்றும்போதே கீழே வைத்துவிடுவேன். தூக்கும்போது ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுங்கள். ஒருநாள் ஒன்பதாம் எண்ணிக்கையில் என் குரல் தானாகவே நின்றது. அப்போதுதான் என்னை அறியாமல் தம் கட்டியிருக்கிறேன் என்று புரிந்தது. அன்றோடு 8 கிலோவிலிருந்து 5-க்கு இறங்கிவிட்டேன்.

உடல் எடையில் பாதிக்கு மேல் தூக்க வேண்டாம் என்று சில மருத்துவர்கள் சொல்வார்கள். ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தும் கணக்கு அல்ல; மார்ஃபான் போன்ற பரம்பரைக் குறை உள்ளவர்களுக்கு வரம்பு இன்னும் கீழே இருக்கும். உங்களுக்குரிய எண்ணை உங்கள் மருத்துவரிடமே மறுபடி போய்க் கேட்டு எழுதி வாங்குங்கள். சிலிண்டர் நிச்சயமாக வேண்டாம்: எரிவாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்ந்தால் சுமார் 30 கிலோ, அதோடு 64 படி.

பதில் 2 – கொடைக்கானலிலிருந்து ஒரு சகோதரி

அண்ணா, என் கணவருக்கும் இதே நோய்தான். அவர் ஏரியைச் சுற்றி நடக்கிறார். ஏறக்குறைய 5 கி.மீ., பெரிய ஏற்றம் கிடையாது. உங்கள் குன்னூரில் சமதரை கிடைப்பது அரிது. இறக்கத்தில் தொடங்கினால் களைத்த பிறகு ஏற்றம் வந்து சேரும். ஆகவே ஏற்றத்தை முதலில் மெதுவாக முடித்துவிட்டுத் திரும்பும்போது இறங்குங்கள். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் வெளியே போகாதீர்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் கூடும். அவர் வெயில் வந்த பிறகு, பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்து உடம்பு சூடான பின்தான் கிளம்புவார்.

பதில் 3 – பிசியோதெரபிஸ்ட், கோத்தகிரி

மேலே சொன்னவற்றோடு இரண்டைச் சேர்க்கிறேன். உங்களுக்குக் கொடுத்தது பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் வகை) மாத்திரை என்றால், நாடித் துடிப்பு அவ்வளவாக ஏறாது. ஆகையால் நாடியை எண்ணிப் பயிற்சியின் கடுமையைக் கணிக்க முடியாது. நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதைப் பாருங்கள். பேச்சு இடையில் அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். நிறுத்தும்போதும் சட்டென்று நிற்காமல் ஐந்து நிமிடம் நடந்து தணியுங்கள், இல்லையென்றால் தலை சுற்றும்.

நெஞ்சிலோ முதுகிலோ திடீரெனக் கிழிப்பதுபோல் வலி வந்தால் வாயுத் தொல்லை என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். "எனக்குப் பெருந்தமனி வீக்கம் 4.3 செ.மீ." என்று ஒரு சீட்டில் எழுதிப் பர்சில் வையுங்கள். மாரடைப்பு என்று நினைத்து இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்துவிட்டால், தமனி கிழிந்தவருக்கு அதுவே கேடாக முடியும்.

குன்னூர்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை 3 கிலோ டம்பெல்லோடு எண்ணிப் பார்த்தேன். பதினைந்து வரை குரல் நிற்கவில்லை. சிலிண்டரை இனி மேலே வீடுவரை கொண்டுவந்து தரும்படி பேசி முடித்துவிட்டேன். என் மகனுக்கு 19 வயது, அவனும் ஜிம்முக்குப் போகிறான். பெற்றோருக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைகளையும் பரிசோதிப்பது நல்லது என்று மருத்துவமனையில் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. வரும் வியாழக்கிழமை அவனுக்கும் எக்கோ எடுக்கப் போகிறோம். அதுவரை கனமான எடையைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.