ஃபார்மே வரல, அப்ப டாக்ஸ் இல்லன்னு நெனச்சு மாட்டிக்கிட்ட கதை

2018 ஆகஸ்ட்ல எஃப்-1ங்கிற ஸ்டூடண்ட் விசால அமெரிக்காவுக்கு பிஎச்டி பண்ண வந்தேன். ஃபெல்லோஷிப் வருஷத்துக்கு 34,000 டாலர், மாசாமாசம் 14% டாக்ஸ் புடிச்சுட்டுதான் பேங்க்ல போடுவாங்க. எவ்வளவு குடுத்தாங்க, எவ்வளவு புடிச்சாங்கன்னு காட்டுற 1042-எஸ் ஃபார்ம் மார்ச்ல வரும், அத வச்சு 1040-என்ஆர், அதாவது டாக்ஸுக்கு ரெசிடென்ட் இல்லாதவங்க போடுற ரிட்டர்ன், போடுவேன். இந்தியாவோட இருக்குற டாக்ஸ் ஒப்பந்தத்துல 21வது பிரிவுப்படி நம்ம ஊர் ஸ்டூடண்ட்ஸுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உண்டு, அதாவது ஒரு தொகைய வருமானத்துல கழிச்சுட்டு மிச்சத்துக்குத்தான் டாக்ஸ், அதனால வருஷா வருஷம் நல்ல ரீஃபண்ட் வரும். (லேப்ல இருந்த நேபாளப் பொண்ணுக்கு இது கிடையாது, ஒவ்வொரு ஏப்ரலும் என்னைப் பாத்து பெருமூச்சு விடும்.)

2023 ஜனவரில பாத்தா முழுக் காசும் புடிக்காம வந்துருக்கு, கிட்டத்தட்ட 400 டாலர் கூட. ஏன்னு கேக்கவே இல்ல, கேட்டா திரும்ப புடிக்க ஆரம்பிச்சுடுவாங்களோன்னு பயம், அப்பாவுக்கு அனுப்பி வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சு.

2024 மார்ச்ல 1042-எஸ்ஸும் வரல, சம்பளத்துக்குத் தர்ற டபிள்யூ-2 ஃபார்மும் வரல. பேரோல்ல போய் கேட்டா, உனக்கு அஞ்சு காலண்டர் வருஷம் முடிஞ்சு போச்சு, இப்ப டாக்ஸுக்கு நீ ரெசிடென்ட், ரெசிடென்ட்டுக்கு ஃபெல்லோஷிப்ல நாங்க புடிக்கவும் மாட்டோம் ஃபார்மும் தரமாட்டோம், நீயேதான் கணக்கு காட்டணும்னு கூலா சொல்றாங்க. 2018ல நான் இருந்ததே அஞ்சு மாசம்கூட முழுசா இல்ல, அதையும் ஒரு வருஷமா எண்ணிட்டாங்க!

ரெசிடென்ட் போடுற 1040 ரிட்டர்ன்ல ஷெட்யூல் 1, 8ஆர் வரில 34,000ஐ போட்டேன். 2023க்கான 13,850 டிடக்‌ஷன் போக மிச்சம் 20,150, அதுக்கு டாக்ஸ் 2,201 டாலர். முன்கூட்டியே கட்டாததுக்கு குட்டியா ஒரு பெனால்ட்டி, ஸ்டேட் டாக்ஸ் தனி. அந்த மாசம் முழுக்க பருப்பும் சோறும்தான்.

---

நான் அண்டர்கிராட், ஃபுல் ஸ்காலர்ஷிப். டியூஷன், கட்டாய ஃபீஸ், கோர்ஸுக்கு வாங்கியே ஆகணும்னு சொன்ன புக்ஸ், இதுக்குப் போனதுக்கு டாக்ஸ் இல்ல ப்ரோ, ஆனா டார்ம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போன ஸ்காலர்ஷிப் காசு வருமானம்தான். காசு என் கைக்கே வரலையே, நேரா காலேஜ் அக்கவுண்ட்டுக்குதான போச்சுன்னு வாதாடிப் பாத்தேன், எடுபடல. நீங்க இப்ப எப்படி கட்டுறீங்க?

---

1040-இஎஸ்தான், அந்த ஃபார்ம வச்சு நாலு தவணையா முன்கூட்டியே கட்டுறேன். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி, நாலுலயும் 15ஆம் தேதி. ஏப்ரல் தவணைக்கு மூணு மாச வருமானம், ஜூன் தவணைக்கு ரெண்டே மாசம், எந்தப் புண்ணியவான் பிரிச்சானோ, போன ஜூன் மறந்தே போச்சு.