ஹம்ப்டா கணவாய்க்கு நுரைப்பாய் போதுமா, காற்றுப்பாய் வேண்டுமா?

இளவேனில் எழுதியது:

செப்டம்பர் கடைசி வாரத்தில் நானும் என் தங்கையும் மணாலிப் பக்கத்திலிருந்து ஹம்ப்டா கணவாயைக் கடந்து சத்ரு என்னும் இடம் வரை நடக்க முடிவு செய்துள்ளோம். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் உடன் வருகிறார். சுமை தூக்குவோரோ கோவேறு கழுதைகளோ கிடையாது என்பதால் கூடாரம், தூங்குபை, அடுப்பு, உணவு அனைத்தும் எங்கள் முதுகில்தான் வரும். சிக்கா, பாலு கா கேரா, கணவாய்க்கு அப்பால் ஷியா கோரு ஆகிய இடங்களில் தங்குவதாகத் திட்டம். கணவாயின் உயரம் ஏறத்தாழ 4,270 மீட்டர். அந்தப் பருவத்தில் ஷியா கோருவில் இரவுக் குளிர் உறைநிலையைத் தொடும் என்று வழிகாட்டி சொல்லியிருக்கிறார்.

இருவரிடமும் 0 டிகிரிக்கு உரிய இறகுத் தூங்குபை இருக்கிறது. பாய் மட்டும் இன்னும் வாங்கவில்லை. தெர்மரெஸ்ட் ஸீ லைட் சோல் போன்ற மடிப்பு நுரைப்பாயா, அதே நிறுவனத்தின் நியோஏர் எக்ஸ்லைட் போன்ற ஊதும் பாயா என்பதே என் கேள்வி. எடை குறைய வேண்டும் என்பது முதல் தேவை. நான் மல்லாந்து படுப்பவள், தங்கை ஒருக்களித்துப் படுப்பவள்.

கல்வரை எழுதியது:

தயங்காமல் நுரைப்பாயை வாங்குங்கள். நுரைக்குள் இருக்கும் காற்று ஆயிரக்கணக்கான மூடிய சிற்றறைகளில் அடைபட்டிருப்பதால், அதில் முள் குத்தினாலும் கல் கிழித்தாலும் அந்த இடத்து அறைகள் சில மட்டுமே கெடும், மற்றவை தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நீரை உறிஞ்சாது என்பதால் மழையில் நனைந்தாலும் துடைத்துவிட்டு உடனே விரிக்கலாம். வழியில் பத்து நிமிடம் உட்கார நேர்ந்தால் முதுகுப்பையின் வெளியிலிருந்து உருவி ஈரப் பாறைமேல் போட்டுக்கொள்ளலாம். காற்றுப்பாயை அப்படி யாரும் பயன்படுத்தத் துணிவதில்லை.

உங்கள் பாதையில் மிகக் குளிரான இரவு ஷியா கோருவில்தான் வரும். அது கணவாய்க்கு அப்பால் இருக்கிறது, அங்கிருந்து திரும்பி வருவதென்றால் மீண்டும் 4,270 மீட்டர் உயரத்திலுள்ள கணவாய்க்கு ஏற வேண்டும். அந்த இடத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பாய் தரையோடு தரையாகப் படிந்துவிட்டால், ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பாயை ஓடை நீரில் அமிழ்த்திக் குமிழி பார்க்க வேண்டும், பிறகு காயவைத்து ஒட்டு போட வேண்டும். பனியாற்று நீரில் அந்த வேளையில் அதைச் செய்வது எளிதன்று. நுரைப்பாய் உங்களை ஒருபோதும் அந்த நிலையில் நிறுத்தாது.

பனிமுகடு எழுதியது:

கேட்டவர் எடையை முதல் தேவையாக வைத்திருக்கிறார், எனவே எடையிலிருந்தே தொடங்குவோம். ஸீ லைட் சோல் 410 கிராம், அதன் ஆர்-மதிப்பு (வெப்பம் கடப்பதைப் பாய் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு, கூடினால் காப்பும் கூடும்) 2.0. நீமோ நிறுவனத்தின் ஸ்விட்ச்பேக் நுரைப்பாய் 415 கிராம், அதற்கும் 2.0 தான். எக்ஸ்லைட் என்.எக்ஸ்.டி. 370 கிராம், ஆர்-மதிப்பு 4.5. இரு மடங்குக்கு மேல் வெப்பம் காக்கும் பாய், எடையிலும் 40 கிராம் குறைவு. நுரை என்றால் இலகு என்ற எண்ணம், ஊதும் பாய்கள் ஒரு கிலோவுக்கு மேல் எடை கொண்டிருந்த காலத்தில் உருவானது. 2009-இல் நியோஏர் வந்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது.

பருமனையும் பாருங்கள். மடித்த ஸீ லைட்டின் அளவு 51, 13, 14 சென்டிமீட்டர், அதாவது ஒன்பது லிட்டருக்கு மேல். அது பைக்குள் அடங்காது, வெளியில்தான் கட்ட வேண்டும். சுருட்டிய காற்றுப்பாய் ஒரு தண்ணீர்ப் புட்டியின் இடத்தில் அடங்கிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. இறகுத் தூங்குபை உடலைச் சூடாக வைப்பதற்குக் காரணம் இறகுகள் உப்பி நின்று காற்றைப் பிடித்துவைப்பதுதான். நாம் படுத்தவுடன் முதுகின் அடியில் உள்ள இறகு முழுவதும் நசுங்கிவிடுவதால், கீழ்ப்பக்கத்தில் அந்தப் பை ஏறக்குறைய வெறும் துணியாகிவிடுகிறது. அங்கே தரைக்கும் உடலுக்கும் நடுவில் நின்று வெப்பத்தைத் தடுப்பது பாய் மட்டுமே. தூங்குபைகளின் வெப்பநிலைத் தரத்தை நிர்ணயிக்கும் ஐ.எஸ்.ஓ. 23537 சோதனையிலும் மனித உருவப் பொம்மையின் அடியில் வெப்பம் காக்கும் பாய் ஒன்றை விரித்தே அளக்கிறார்கள். ஆகவே மெல்லிய பாயின்மேல் விரித்த 0 டிகிரிப் பை, உறைநிலை இரவில் 0 டிகிரிப் பையாக இருக்காது. இரண்டு நுரைப்பாய்களை அடுக்கினால் ஆர்-மதிப்புகள் கூடி 4.0 ஆகும் என்பது உண்மை, ஆனால் அதற்கு ஒருவர் 820 கிராம் சுமக்க வேண்டும்.

கல்வரை எழுதியது:

நண்பர் பனிமுகடு காட்டிய எண்கள் சரியானவை, ஆனால் அவை புதிய பாய்க்கு, ஓட்டையில்லாத பாய்க்கு உரியவை. 4.5 என்பது காற்று உள்ளே இருக்கும் வரைதான். நுரைப்பாய் வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தளரும், அந்தத் தளர்ச்சியை நாம் கையால் தொட்டே உணரலாம், அடுத்த பயணத்திற்கு முன் மாற்றியும் விடலாம். காற்றுப்பாயின் கேடு முன்னறிவிப்பின்றி ஒரே இரவில் வருகிறது.

எடையைப் பொறுத்தவரை, நுரையை வெட்டலாம் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஸீ லைட்டில் 14 மடிப்புகள் உள்ளன. தோளிலிருந்து தொடை வரை தாங்க எட்டு மடிப்புகள், ஏறத்தாழ 105 சென்டிமீட்டர், போதும். எடை 235 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். காலுக்கடியில் காலியான முதுகுப்பையை வைத்துக்கொள்ளலாம். உடலின் பெரும்பாரம் தோளிலும் இடுப்பிலும் தரையை அழுத்துகிறதே தவிரக் காலில் அன்று. சட்டமில்லாத முதுகுப்பை வைத்திருப்பவர்களுக்கு, மடித்த நுரையே முதுகுப் பக்கம் சட்டமாக நின்று சுமையைத் தாங்கும்.

விலையையும் சொல்ல வேண்டும். எக்ஸ்லைட் அமெரிக்காவில் 200 டாலர் அளவில் விற்கிறது, மடிப்பு நுரைப்பாய் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அக்கா, தங்கை இருவருக்கும் வாங்கும்போது அந்த வேறுபாடு சிறியதன்று.

பனிமுகடு எழுதியது:

விலை வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஆய்வக எண்கள் காற்றுப்பாய்க்குச் சாதகமானவை என்ற கருத்தை ஏற்க இயலவில்லை. இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் ஆர்-மதிப்பை அளக்கப் பின்பற்றும் ஏ.எஸ்.டி.எம். எஃப் 3340 முறையில், சூடான தட்டு ஒன்றுக்கும் குளிர்ந்த தட்டு ஒன்றுக்கும் நடுவில் பாயை வைத்து, பரப்பு முழுவதும் சீரான அழுத்தம் கொடுத்து, வெப்பம் எவ்வளவு கடக்கிறது என்று அளக்கிறார்கள். மனித உடல் அப்படிச் சீராக அழுத்துவதில்லை. ஒருக்களித்துப் படுக்கும்போது இடுப்பெலும்பும் தோள்மூட்டும் இரண்டு இடங்களில் குவிந்து இறங்குகின்றன. இரண்டு சென்டிமீட்டர் நுரை அங்கே நசுங்கி மெலிந்துவிடும், எந்த இடத்தில் காப்பு அதிகம் வேண்டுமோ அந்த இடத்திலேயே அது குறைந்துவிடும். ஏழரை சென்டிமீட்டர் உயரமுள்ள காற்றுப்பாயில் இடுப்பு தரையைத் தொடுவதில்லை. தங்கை ஒருக்களித்துப் படுப்பவர் என்ற ஒரு குறிப்பே அவருக்கு நுரை பொருந்தாது என்று காட்டப் போதுமானது. தூக்கமில்லாத இரவுக்கு மறுநாள் கணவாய் ஏறுவது உடலுக்கு மட்டுமல்லாமல் கால்வைக்கும் கவனத்துக்கும் கேடு.

இன்னொன்றையும் தெளிவுபடுத்த விரும்புகிறேன், ஏனெனில் காற்றுப்பாய் ஒழுகுகிறது என்று வரும் புகார்களில் பலவும் இதனால் வருபவை. ஏறக்குறைய 30 டிகிரியில் வாயால் ஊதிய காற்று, இரவில் 0 டிகிரிக்குக் குளிரும்போது அதன் கனஅளவு பத்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. காலையில் பாய் தளர்ந்திருப்பதைக் கண்டு ஓட்டை என்று நினைத்துவிடுகிறோம். படுப்பதற்கு முன் ஒருமுறை மேலும் ஊதிக்கொண்டால் போதும். வாயால் ஊதாமல் உடன் வரும் ஊதுபையைப் பயன்படுத்தினால் மூச்சின் ஈரம் உள்ளே போய்ப் பூஞ்சை பிடிப்பதையும் தவிர்க்கலாம்.

உண்மையான ஓட்டைக்கு ஒட்டுத் துண்டுகள் உண்டு. ஒரே ஒரு கேட்டுக்குத்தான் களத்தில் மருந்து இல்லை: உள்ளே இருக்கும் தடுப்புகள் பிரிந்து பாய் ஓரிடத்தில் புடைத்துக்கொள்வது. அதை மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை. புறப்படுவதற்கு முன் வீட்டில் ஊதி, ஓர் இரவு முழுவதும் அதன்மேல் படுத்துப் பார்ப்பது அதனால் அவசியம்.

ஓடைக்கரை எழுதியது:

இருவரும் உயர்விலைப் பாய்களையே பேசுவதால் ஒரு சிறு குறிப்பு. நுரை என்ற பெயரில் கடைகளில் கிடைப்பவை எல்லாம் ஒன்றல்ல. பி.வி.சி. யோகா பாயை மலைக்குக் கொண்டுபோகிறவர்கள் நம்மிடையே நிறைய பேர் உண்டு. அது எடை மிகுந்தது, நான்கைந்து மில்லிமீட்டர் தடிப்பில் குளிரையும் தடுக்காது. நீலநிறத்தில் சுருட்டி விற்கும் பாலிஎத்திலீன் பாய் இலகுவானது, மலிவானது, ஆனால் சீக்கிரம் நசுங்கி அப்படியே நின்றுவிடும். ஈ.வி.ஏ. நுரை குளிரிலும் விறைக்காமல் வளையும், அழுத்தத்திலிருந்து நன்றாக மீளும். வாங்கும்போது கட்டைவிரலால் நன்கு அழுத்தி, விட்டவுடன் எவ்வளவு வேகமாக மேலெழுகிறது என்று பாருங்கள்.

அலுமினியப் பூச்சுள்ள பாயானால் பளபளக்கும் பக்கம் உடலை நோக்கி இருக்க வேண்டும். பூச்சில்லாத ஸீ லைட்டுக்கு 1.7, பூச்சுள்ளதற்கு 2.0 என்பதிலிருந்து பூச்சின் பங்கு எவ்வளவு என்று விளங்கும்.

இளவேனில் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு பக்க வாதங்களையும் படித்தபின் ஒரு வழி தோன்றுகிறது. எனக்கு முழு நுரைப்பாய், தங்கைக்குக் காற்றுப்பாய் என்று எடுத்துக்கொண்டால் இருவருக்கும் சேர்த்து 780 கிராம்தான் ஆகிறது. காற்றுப்பாய் கெட்டாலும் 14 மடிப்பை ஏழேழாகப் பிரித்துக்கொள்ளலாம் அல்லவா?

கல்வரை எழுதியது:

நல்ல ஏற்பாடு. இரண்டு பேர் ஒரே கூடாரத்தில் படுக்கும்போது இரண்டு பாய்களும் ஒரே விதமாகக் கெடக்கூடியவையாக இருக்கக் கூடாது. ஏழு மடிப்பு 91 சென்டிமீட்டர், தோளையும் இடுப்பையும் தாங்கிவிடும்.

பனிமுகடு எழுதியது:

அந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருக்கிறது. எதுவும் கெடாத இரவிலும் இளவேனில் அவர்கள் 2.0 மதிப்புள்ள பாயில்தான் படுக்கிறார். உறைநிலைக்கு அருகே பொதுவாக நான்கு அல்லது அதற்கு மேல் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு விபத்துக்கு அஞ்சி, மூன்று இரவும் உறுதியாகக் குளிரைத் தாங்க வேண்டும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாற்றாக இதைக் கருதுங்கள். இருவருக்கும் காற்றுப்பாய், அதோடு பொதுவாக எட்டு மடிப்பு நுரை ஒன்று. மொத்தம் 975 கிராம், ஆளுக்கு 490 கிராமுக்குள். பகலில் அந்த நுரை இருக்கையாகும். இரவில் குளிர் கூடுதலாகத் தெரிபவர் அதைத் தன் காற்றுப்பாயின் அடியில் விரித்தால் கல் குத்தாது, உடலின் நடுப்பகுதிக்கு ஆர்-மதிப்பும் 6.5 ஆகும். ஒரு பாய் கெட்டால் அதே நுரை மாற்றுப் பாயாக நிற்கும்.

கல்வரை எழுதியது:

அதற்காக 200 கிராமும் இன்னொரு காற்றுப்பாயின் விலையும் கூடுகின்றன. மல்லாந்து படுப்பவர், உலர்ந்த கம்பளி உள்ளாடையும் கால்பக்கம் ஒரு வெந்நீர்ப் புட்டியும் வைத்துக்கொண்டால் 2.0-இல் அந்த இரவைக் கடக்கலாம் என்பதே என் உறுதியான கருத்து. ஆயினும் நுரை ஒன்று பையில் இருக்க வேண்டும் என்பதை நண்பரும் ஏற்றுக்கொண்டதில் மகிழ்ச்சி.

பனிமுகடு எழுதியது:

நுரை பையில் இருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. உறைநிலை இரவில் அது தனியே நின்று காக்க வேண்டும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

இளவேனில் எழுதியது:

எனக்கு இயல்பாகவே கை கால் சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பதால் 975 கிராம் ஏற்பாட்டையே எடுத்துக்கொள்கிறோம். இரண்டாவது காற்றுப்பாயை நண்பர் ஒருவர் இரவல் தருவதாகச் சொல்லிவிட்டார், அதனால் விலைக்கவலை நீங்கியது. அது ஏற்கெனவே பயன்படுத்திய பாய் என்பதால் இந்த வாரமே ஊதி ஓர் இரவு படுத்துப் பார்க்கிறேன். நுரையை வெட்டும்போது மடிப்புக் கோட்டின்மேலேயே வெட்ட வேண்டுமா, சற்றுத் தள்ளி வெட்ட வேண்டுமா?

கல்வரை எழுதியது:

மடிப்புக் கோட்டின் மேலேயே, கூரிய கத்தியால், அளவுகோலை வைத்து ஒரே இழுப்பில் வெட்டுங்கள். கத்தரிக்கோல் ஓரத்தைப் பிய்த்துவிடும். மிஞ்சும் ஆறு மடிப்பையும் எறிந்துவிடாதீர்கள். அதில் ஒரு மடிப்பை மட்டும் தனியாக வெட்டி வழிகாட்டிக்கு உட்காரக் கொடுக்கலாம், முப்பது கிராம்தான் ஆகும்.